கல்லைப் படித்த பிளான்போர்டு

அன்னூரில் ஒரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். போர் வண்டி இரவெல்லாம் உறுமுகிறது. குழாயின் வாயிலிருந்து சாம்பல் நிறப் பொடி பறக்கிறது. தோட்டக்காரர் அந்தப் பொடியைக் கையில் அள்ளி அள்ளிப் பார்க்கிறார்.

ஈரம் இருக்கிறதா? நிறம் மாறிவிட்டதா? கல் கெட்டியா, வெடிப்பு உள்ளதா?

அவருக்குப் பூமிக்குள் நடப்பது தெரியாது. மேலே வரும் கல்தூள்தான் சாட்சி. இன்னும் நூறு அடி போவதா, பணம் போதும் என்று நிறுத்துவதா என்பதை அந்தத் தூளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

இதே வேலையைச் செய்வதற்காக ஓர் இளைஞர் சுமார் 170 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தார். நீலகிரியில் ஏறினார். திருச்சிச் சீமையில் வெயிலில் அலைந்தார். கல்லை உடைத்துப் பார்த்து, அதற்கு வயது சொன்னார். பின்னால் வானத்தைப் பார்த்து மழையும் சொன்னார்!

அவர் பெயர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. இன்று ஷேல் வாயு என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சு அவர் நடந்த மண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது.

தம்பி முன்னே, அண்ணன் பின்னே

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஒரு சிறு தொழிற்சாலை நடத்தி வந்தார். வில்லியம் என்று ஓர் அண்ணன். இவரைவிட ஒன்றரை வயது மூத்தவர்.

அண்ணனைத் தொழிலில் பழக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. இத்தாலிக்கு அனுப்பி ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்க்க வைத்தார். தம்பிக்கோ படிப்பில் நாட்டம். லண்டனில் 1851ல் சுரங்கக் கல்லூரி ஒன்று புதிதாகத் திறந்தார்கள். அதில் அவர் சேர்ந்தார். நன்றாகப் படித்து உபகாரச் சம்பளமும் வாங்கினார்.

தம்பி படிப்பதைப் பார்த்தார் அண்ணன். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. வியாபாரத்தை விட்டுவிட்டு அதே கல்லூரியில் சேர்ந்தார். அண்ணன் காட்டிய வழியில் தம்பி போவதுதான் உலக வழக்கம். இந்த வீட்டில் தம்பி காட்டிய வழியில் அண்ணன் போனார்!

பிறகு இருவரும் ஜெர்மனியில் பிரைபெர்க் என்ற ஊருக்குப் போனார்கள். வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பெயர் போன ஊர் அது. பூமிக்குள் இறங்கிக் கல்லைத் தொட்டுப் பார்த்துப் படித்தார்கள்.

கல்கத்தாவில் அப்போது புவியியல் ஆய்வுத் துறை தொடங்கி நாலே ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமஸ் ஓல்டாம் என்பவர் அதன் தலைவர். ஆள் பற்றாக்குறை. படித்த இளைஞர்கள் வேண்டும் என்று தேடினார். சகோதரர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உத்தியோகம் கிடைத்தது. 1855ல் இந்தியா வந்து சேர்ந்தார்கள். தம்பிக்கு வயது 21. அண்ணனுக்கு 23 நிறையும் சமயம்.

வெயில் நாட்டில் பனிக்கட்டி

முதல் வேலை ஒரிசாவில் தால்சேர் என்ற இடத்தில். அங்கே நிலக்கரி இருக்கிறது என்று பேச்சு. எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பார்த்து வரவேண்டும்.

நிலக்கரிக்கு அடியில் ஒரு விசித்திரமான பாறையைச் சகோதரர்கள் கண்டார்கள். மெல்லிய களிமண் படிந்து கல்லான பாறை. அதற்குள் யானைத் தலை அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் உருண்டைக் கற்கள் கிடந்தன.

இது எப்படி முடியும்? மெல்லிய களிமண் படிய வேண்டுமானால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். அசையாத தண்ணீர் பெரிய கல்லை உருட்டி வராது. உருட்டும் வேகம் உள்ள வெள்ளம் களிமண்ணைப் படியவிடாது. இரண்டும் ஒன்றாகக் கிடப்பது எப்படி?

சகோதரர்கள் யோசித்தார்கள். ஒரே ஒரு பதில்தான் பொருந்தியது. பனிக்கட்டி! கற்களைச் சுமந்து வந்த பனிக்கட்டி மிதந்து உருகியிருக்க வேண்டும். கல் கீழே விழுந்து களிமண்ணில் புதைந்திருக்க வேண்டும்.

ஒரிசா வெயிலில் நின்றுகொண்டு, இங்கே ஒரு காலத்தில் பனி மூடிக் கிடந்தது என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 1856ல் சகோதரர்கள் அதைச் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. பின்னால் 1872ல் பெண்கங்கா ஆற்றங்கரையில் பனிக்கட்டி தேய்த்த கீறல்கள் விழுந்த கற்கள் கிடைத்தன. சகோதரர்கள் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது.

நீலகிரியும் திருச்சியும்

அடுத்து சென்னை மாகாணம். ஹென்றி பிளான்போர்டு இங்கே வேலைக்கு வந்தது 1857ல். வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்த ஆண்டு அது.

முதலில் நீலகிரியில் ஏறினார். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அன்னூர் மேட்டிலிருந்து வடமேற்கே பார்த்தால் நீல நிறத்தில் தெரிகிறதே, அதே மலைதான். அதன் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை, புவியியல் துறை வெளியிட்ட முதல் தொகுதியிலேயே இடம் பெற்றது.

நீலகிரியின் கல்லும் அன்னூரின் கல்லும் ஏறக்குறைய ஒரே குடும்பம். கொங்கு நாட்டுக் கிணறுகளில் வெட்டி எடுக்கும் கல்லைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கும். காக்காப்பொன் மின்னும். பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறிய கல் அது. வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்தக் கல்லில் சங்கும் இல்லை, கிளிஞ்சலும் இல்லை. எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை. வெடிப்புகளில் தேங்கிய தண்ணீர் மட்டும்தான் உண்டு.

பிறகு திருச்சிச் சீமைக்குப் போனார். அங்கே கதையே வேறு!

ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர் பக்கங்களில் மண்ணைக் கிளறினால் கடல் சங்கு வந்தது. கடற்கரையோ வெகு தூரம். 1840ஆம் ஆண்டு வாக்கிலேயே கே, கன்லிப் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் இவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் எந்தப் பாறை மேலே, எந்தப் பாறை கீழே என்று ஒழுங்காக யாரும் பார்க்கவில்லை.

அந்த வேலை பிளான்போர்டின் தலையில் விழுந்தது.

ரயில் இல்லாத காலம். திருச்சிக்கு ரயில் வந்தது 1862ல்தான். மாட்டு வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். காலையில் எழுந்ததும் நடை. ஓடைக் கரையில் பாறை தெரியும் இடமெல்லாம் நிற்க வேண்டும். கையில் சுத்தியல், பூதக்கண்ணாடி, ஒரு சிறு புட்டியில் திராவகம்.

கல்லில் ஒரு சொட்டுத் திராவகம் விடுவார்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக் கல். பொங்காவிட்டால் மணற்கல்லோ களிமண் பாறையோ என்று பார்ப்பார்கள். நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். உடைத்து உள்ளே சிப்பி உண்டா என்று தேடுவார்கள். அன்றைய ஆராய்ச்சிக் கூடம் அவ்வளவுதான்.

மூன்று அடுக்கு

இப்படி அலைந்து பிளான்போர்டு கண்டது என்ன?

அந்தப் பூமி மூன்று அடுக்காக இருக்கிறது. கீழ் அடுக்குக்கு ஊட்டத்தூரின் பெயரை வைத்தார். நடு அடுக்குக்குத் திருச்சியின் பெயர். மேல் அடுக்குக்கு அரியலூரின் பெயர். அவர் வைத்த பெயர்களை உலகம் முழுவதும் பாறை நூல் படிப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பெயர் பாரிசிலும் டோக்கியோவிலும் ஒலிக்கிறது!

கல்லுக்கு வயது சொன்னதுதான் பெரிய வித்தை. அங்கே கிடைத்த ஓடுகளில் ஒன்று ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டிருக்கும். அம்மோனைட் என்று பெயர். கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் இந்த இனம்தான். கடலில் வாழ்ந்து அடியோடு அழிந்துபோன பிராணி. ஐரோப்பாவில் எந்தக் காலத்துப் பாறையில் எந்த ஓடு இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தது. அதோடு இதை ஒப்பிட்டார். அரியலூர்ப் பக்கம் கடல் வந்து போன காலம் புலனாயிற்று. இன்றைய கணக்குப்படி அது சுமார் 11 கோடி ஆண்டு முதல் ஆறரைக் கோடி ஆண்டு வரை.

1861ல் அந்த ஓடுகளைப் பற்றி ஒரு நூலைத் தொடங்கினார். 1862ல் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டப் பாறைகளைப் பற்றிய பெரிய அறிக்கை வெளிவந்தது. இன்று அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்டு ஆலைகள் இருக்கின்றனவே, அவை தின்பதும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான்.

ஆனால் அந்த அறிக்கைக்குப் பிளான்போர்டு கொடுத்த விலை பெரிது. வெயிலிலும் காய்ச்சலிலும் அலைந்ததில் உடம்பு கெட்டுவிட்டது. ஊர் ஊராகப் போகும் உத்தியோகம் இனி முடியாது என்று ஆயிற்று. 28ஆவது வயதில் கல் வேலையை விட்டார். அவர் தொடங்கிய ஓட்டு நூலை ஸ்டோலிச்கா என்ற வேறொரு அறிஞர் முடித்தார்.

வானத்தைப் படித்தார்

மற்றவர்களாக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். பிளான்போர்டு கல்கத்தாவில் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

1864 அக்டோபர் 5ந் தேதி கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறியது. சுமார் 50 ஆயிரம் பேர் மாண்டார்கள். புயல் எப்படி வந்தது என்று விசாரித்து எழுத இருவரை நியமித்தார்கள். அதில் ஒருவர் பிளான்போர்டு. கப்பல்களில் எழுதிய குறிப்புகளை எல்லாம் சேகரித்து, புயல் கடலில் பிறந்து வந்த பாதையைக் கோடு போட்டுக் காட்டினார்.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! அந்த எண்ணம் சர்க்காருக்கும் வந்தது. 1867ல் வங்காள மாகாணத்தின் வானிலை அதிகாரி ஆனார். 1875ல் இந்தியா முழுவதற்கும் ஒரே வானிலைத் துறையை அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் பிளான்போர்டு. அந்தத் துறைக்கு 2025 ஜனவரியில் 150 வயது நிறைந்தது.

பதவி ஏற்ற மறு ஆண்டே சோதனை வந்தது. 1876ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அதுதான். தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கோவை மாவட்டமும் கடுமையாக வாடியது.

மழை பொய்க்கப் போவதை முன்னால் சொல்ல முடியாதா என்று சர்க்கார் கேட்டது. பிளான்போர்டு பழைய குறிப்புகளைப் புரட்டினார். இமயமலையில் வசந்த காலத்தில் பனி அதிகமாகக் கொட்டிய ஆண்டுகளில் சமவெளியில் மழை குறைந்ததைக் கவனித்தார். 1882 முதல் சில ஆண்டுகள் சோதனையாகச் சொல்லிப் பார்த்தார். 1886 முதல் ஒழுங்காக மழைக் கணிப்பை வெளியிட்டார்கள். இன்று ஜூன் மாதம் பருவமழை எப்படி என்று செய்தி கேட்கிறோமே, அந்த வழக்கம் அங்கே தொடங்கியது.

பனியை மட்டும் வைத்து மழை சொல்ல முடியாது என்று பின்னால் தெரிந்தது. கணக்கு மாறியது. ஆனால் முதல் கணக்கைப் போட்டவர் பிளான்போர்டு.

இத்தனைக்கும் நடுவே கல்லை அவர் மறக்கவில்லை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரே விதமான செடிகள் கல்லாகிக் கிடப்பதைக் காட்டினார். இரு நாட்டுக்கும் இடையே ஒரு காலத்தில் நிலத் தொடர்பு இருந்தது என்று 1875ல் எழுதினார். 33 ஆண்டு உழைப்புக்குப் பிறகு நாடு திரும்பினார். 1893 ஜனவரி 23ந் தேதி இங்கிலாந்தில் போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 58.

அண்ணன் கண்ட பாறையில் வாயு

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

தம்பி திருச்சியில் அலைந்த நாட்களில் அண்ணன் வில்லியம் வங்காளத்தில் ராணிகஞ்சு நிலக்கரி வயலை அளந்துகொண்டிருந்தார். இரண்டு நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவே கரி இல்லாத ஒரு களிமண் பாறை இருந்தது. இரும்புக் கட்டிகள் கலந்த அந்தப் பாறையைத் தனி அடுக்கு என்று பிரித்து எழுதினார். கரி இல்லை என்பதால் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

150 ஆண்டுகள் சென்றன. 2011 ஜனவரியில் துர்காப்பூர் அருகே இச்சாப்பூர் என்ற கிராமத்தில் சர்க்காரின் எண்ணெய்க் கம்பெனியான ஓ.என்.ஜி.சி. ஒரு கிணறு தோண்டியது. சுமார் 1,700 மீட்டர் ஆழத்தில் அதே அடுக்கிலிருந்து எரிவாயு வந்தது! இந்தியாவில் ஷேல் பாறையிலிருந்து வாயு வந்தது அதுவே முதல் தடவை.

ஷேல் என்பது சேறு படிந்து இறுகிய பாறை. சேற்றோடு செடி, கொடி, நுண்ணுயிர் எல்லாம் புதைகின்றன. மேலே மண் ஏற ஏற அவை ஆழத்தில் வெந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றன. அதனால் ஷேலுக்குத் தாய்ப்பாறை என்று பெயர். தாயிடமிருந்து தப்பி மேலே வந்து மணற்கல்லில் தங்கிய வாயுவைத்தான் முன்பெல்லாம் எடுத்தார்கள். தாய்ப்பாறையிலேயே தங்கிவிட்ட வாயுதான் ஷேல் வாயு.

அமெரிக்காவில் பிரெடோனியா என்ற ஊரில் 1821லேயே ஷேல் பாறையில் துளையிட்டு விளக்கு எரித்தார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஜார்ஜ் மிட்சல் என்பவரின் கம்பெனி 1990களின் இறுதியில் பெருமளவில் எடுக்கும் வழியைக் கண்டது. உலகமே விழித்துக்கொண்டது. எங்கெங்கே ஷேல் இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். இந்தியாவில் நாலு இடங்கள் அதில் வந்தன. அவற்றில் ஒன்று காவிரிப் படுகை!

பிளான்போர்டு ஊட்டத்தூரிலும் காரையிலும் சுத்தியலால் தட்டிய அதே கடலின் சேறுதான் கிழக்கே தஞ்சை வயல்களுக்கு அடியில் ஆழமாகப் புதைந்து கிடக்கிறது.

கல்லுக்குப் பரீட்சை

பாறை இருப்பதால் மட்டும் வாயு வந்துவிடாது. கல்லைக் கொண்டுபோய் ஆராய்ச்சிக் கூடத்தில் பரீட்சை வைக்கிறார்கள். என்ன பரீட்சை?

கிணறு தோண்டும்போது வைரப் பல் பதித்த குழாயால் பாறையைத் தூளாக்காமல் உருளையாக வெட்டி மேலே எடுக்கிறார்கள். கரும்புத் துண்டு போல வரும். அதில் ஒரு பகுதியை அந்த இடத்திலேயே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும். சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு பொங்கும் அல்லவா? ஆழத்து அழுத்தம் நீங்கியதும் கல்லிலிருந்தும் வாயு கசியும். டப்பாவை ஆழத்தில் இருந்த அதே சூட்டில் வைத்து எத்தனை வாயு வருகிறது என்று நாள் கணக்கில், வாரக் கணக்கில் அளக்கிறார்கள். கடைசியில் கல்லை நொறுக்கி மிச்சத்தையும் அளக்கிறார்கள்.

இரண்டாவது, கரிச்சத்துப் பரீட்சை. கல்லைப் பொடித்துத் திராவகத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்குகிறார்கள். மிஞ்சியதை எரித்து, வரும் கரியமில வாயுவை அளக்கிறார்கள். நூறு கிராம் கல்லில் இரண்டு கிராமாவது கரிச்சத்து இருந்தால் நல்லது. பிளான்போர்டின் புட்டியில் இருந்த திராவகம் இன்றும் வேலை செய்கிறது!

மூன்றாவது, பதம் பார்ப்பது. வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்குப் பதம் தெரியும். இறக்குவதில் முந்தினால் பாகு, பிந்தினால் கருகல். பாறையும் அப்படியே. குறைவாக வெந்தால் ஒன்றும் இல்லை. நடுப்பதத்தில் எண்ணெய். இன்னும் வெந்தால் வாயு. பதம் தெரிய, பொடியை அடுப்பில் வைத்து 300 டிகிரியிலிருந்து 650 டிகிரி வரை படிப்படியாகச் சூடேற்றுகிறார்கள். எந்தச் சூட்டில் அதிகமாக ஆவி வருகிறது என்று கருவி சொல்லும். கல்லுக்குள் இருக்கும் கடுகினும் சிறிய மரத்துணுக்கை மெருகிட்டு, நுண்நோக்கியில் அதன் பளபளப்பையும் அளக்கிறார்கள். வெந்த அளவுக்குப் பளபளப்பு கூடும்.

நாலாவது, உடையும் குணம். முறுக்கை அழுத்தினால் நொறுங்கும். களியை அழுத்தினால் குழி விழும், அவ்வளவுதான். மணல் சத்து அதிகமுள்ள ஷேல் முறுக்கு. களிமண் அதிகமுள்ளது களி. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிக் கல்லில் எது எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள். நொறுங்கும் கல்லில்தான் வெடிப்பு உண்டாக்கி வாயுவை வெளியே கொண்டுவர முடியும்.

ஐந்தாவது, வழிவிடும் குணம். பிரான்சில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர் மணல் வழியாகத் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று சோதித்து 1856ல் ஒரு விதியை வெளியிட்டார். பிளான்போர்டு தால்சேரில் பனிக்கட்டியைக் கண்ட அதே ஆண்டு! கல் வழிவிடும் அளவுக்கு இன்று டார்சி என்றே பெயர். நல்ல மணற்கல்லை டார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நூறு பங்கு என்று அளப்பார்கள். ஷேலை அளப்பது டார்சியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்! அவ்வளவு இறுக்கம். தேங்காய்ப் பருப்பில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் தானாக ஒழுகாது. செக்கு வேண்டும்.

ஷேலுக்குச் செக்கு எது? தண்ணீர். மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படும்.

வயலா, வாயுவா?

இங்கேதான் பிரச்னை எழுந்தது.

ஷேலைத் தேடலாம் என்று மத்திய சர்க்கார் 2013ல் பொதுத் துறைக் கம்பெனிகளுக்கு அனுமதி தந்தது. சோதனைக் கிணறுகள் தோண்டிக் கற்களைப் பரீட்சை செய்தார்கள். காவிரிப் பக்கத்து விவசாயிகள் கலங்கினார்கள். குறுவைக்கே தண்ணீர் வந்து சேராத ஆண்டுகள் உண்டு. கோடி லிட்டர் எங்கிருந்து வரும்? ரசாயனத் தண்ணீர் கிணற்றில் கலந்தால் என்ன ஆவது? நாட்டுக்கு எரிபொருள் வேண்டாமா என்று மறு பக்கம் கேட்டார்கள். வெளிநாட்டில் வாங்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் கொட்டும் பணம் கொஞ்சமல்ல. இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விகள்தான்.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் செய்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயின. ஷேல் வாயு உட்பட எண்ணெய், எரிவாயுவுக்காகப் புதிதாகத் துளையிடுவதற்கு அங்கே தடை. பிளான்போர்டு நடந்த அரியலூரும் திருச்சியும் அந்தப் பட்டியலில் வரவில்லை.

கல்லுக்கு வைத்த பரீட்சை, வாயு இருக்கிறதா என்று சொல்லும். எடுக்க முடியுமா என்றும் சொல்லும். எடுக்கலாமா என்ற கேள்விக்குக் கல் பதில் சொல்லாது. அதற்குத் தண்ணீர்க் கணக்கு வேண்டும், மழைக் கணக்கு வேண்டும், அங்கே வாழும் மக்களின் சம்மதம் வேண்டும்.

பிளான்போர்டின் வாழ்க்கையை இங்கே நினைத்துப் பாருங்கள். பாதி வாழ்க்கை கல்லுக்கு. மறு பாதி மழைக்கு. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தேடி வந்தவர், புயலைக் கண்ட பிறகு மேலே பார்க்கத் தொடங்கினார். இரண்டு கணக்கையும் அறிந்த மனிதர் அவர்.

பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அரியலூர்ப் பக்கம் போனால் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பெரம்பலூர் அருகே சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தையும் பார்க்கலாம். 1940ல் அதைக் கண்டு சொன்னவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சையில் பிறந்த தமிழர். பிளான்போர்டு வேலை பார்த்த அதே புவியியல் துறைக்கு 1951ல் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

அன்னூரில் போர் வண்டி இன்னும் உறுமுகிறது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் திறந்தார்கள். பவானித் தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டு வருவதற்கான திட்டம் அது. ஆனாலும் தோட்டக்காரர் கல்தூளைக் கையில் அள்ளிப் பார்ப்பதை விடவில்லை.

அடுத்த தடவை அந்தத் தூளைக் காணும்போது வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் கையிலும் கொஞ்சம் கொடுங்கள். 200 கோடி வயதான பொருளைத் தொட்டுப் பார்க்கட்டும். அவர்களில் ஒருவருக்குக் கல்லைப் படிக்கும் ஆசை வந்தாலும் வரலாம். லண்டனில் ஒரு தம்பிக்கு வந்தது அல்லவா?